நீச்சல்காரர் போட்ட ரோடு



ஹைவே எஞ்சினியரிங் பாடத்தின் முதல் பகுதி ஞாபகம் இருக்கிறதா? ரோமானியர் சாலை, டிரெசாகே, டெல்ஃபோர்டு, மெக்காடம் என்று வரிசையாக வரும். குறுக்குவெட்டுப் படம் போட்டு அளவுகளைக் குறித்தால் மார்க் நிச்சயம். அந்த வரிசைக்கு நடுவே சில புத்தகங்களில் மெட்காஃப் என்று ஒரு பெயர் வரும். அவருக்குக் கண் தெரியாது என்று ஒரே ஒரு வரி. படம் கிடையாது, அதனால் யாரும் அங்கே நிற்பதில்லை.

நான் நின்றேன். சிவில் படிக்கிறவனுக்கு அந்த ஒரு வரி சும்மா போகுமா? கண் தெரியாத மனுஷன் எப்படி லெவல் பார்த்தார்? எப்படி அலைன்மெண்ட் முடிவு பண்ணினார்? தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் நீச்சல் உண்டு, குதிரைப் பந்தயம் உண்டு, காதல் கல்யாணம்கூட உண்டு!

ஜான் மெட்காஃப் பிறந்தது 1717 ஆகஸ்ட் 15. ஊர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள நேர்ஸ்பரோ. ஏழைக் குடும்பம். ஆறு வயதில் பெரியம்மை போட்டது. உயிர் தப்பியது, இரண்டு கண்ணும் போனது. ஜென்னரின் அம்மைத் தடுப்பூசி வருவதற்கு (1796) இன்னும் எழுபது வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது.

ஆறே மாதத்தில் பையன் துணையில்லாமல் தெருக்கோடி வரை போய்வந்தான். மூன்று வருஷத்தில் ஊரின் எந்த மூலைக்கும் தனியாகப் போனான். கூட்டாளிகளோடு மரம் ஏறிப் பறவைக்கூடு தேடினான். ஊரை ஒட்டி நிட் என்று ஒரு ஆறு ஓடுகிறது. அதில் இறங்கி நீந்தக் கற்றுக்கொண்டான். கொஞ்சநஞ்சம் இல்லை, மூழ்கப்போன மூன்று கூட்டாளிகளைக் கரைசேர்க்கிற அளவுக்கு!

பிறகு ஆற்றில் யாராவது மூழ்கிவிட்டால் ஊரே ஜாக்கைத்தான் கூப்பிட்டது. ஆழத்தில் முங்கி உடலைத் தேடி எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை திடீர் வெள்ளம் ஏராளமான நூலை அடித்துக்கொண்டு போய்ப் பாலத்தடி மடுவில் தள்ளிவிட்டது. அதையும் முங்கி எடுத்துக் கொடுத்தார்.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலங்கின ஆற்றின் அடியில் கண் உள்ளவனுக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே வேலை செய்வது கையும் மூச்சும்தான். ஜாக்குக்கு அந்த இரண்டிலும் மற்றவர்களைவிடப் பழக்கம் அதிகம். ஆற்றின் மேலே இருந்தபோது அவர் குருடர். அடியில் போனதும் எல்லாரும் சமம்!

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். என் பெரியப்பா மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எங்கள் எல்லாருக்கும் பம்புசெட் கிணற்றில் நீச்சல் கற்றுக் கொடுத்தவர் பெரியப்பாதான். இடுப்பில் கயிறு கட்டித் தள்ளிவிடுவார். அவனை மட்டும் படியில் உட்கார வைத்துவிடுவார். பாசம்தான் காரணம், வேறு எதுவும் இல்லை. அவனுக்கு இப்போது இருபது வயது. தண்ணீர் தெறிக்கிற சத்தத்தை வைத்தே யார் குதித்தது என்று சரியாகச் சொல்வான். இன்றுவரை நீச்சல் தெரியாது.

சரி, ஜாக்கிடம் வருவோம். வயலின் கற்றுக்கொண்டு, 1732 முதல் பக்கத்து ஊரான ஹாரோகேட்டில் விடுதி விருந்தாளிகளுக்கு வாசித்துச் சம்பாதித்தார். குதிரை ஏற்றமும் பிடித்துப்போனது. ஒருநாள் பந்தயம் கட்டினார்கள். வட்டமான ஓட்டப் பாதை, சுற்றிலும் கம்பங்கள். கண் இல்லாதவர் வளைவில் எப்படித் திரும்புவார்? எல்லாரும் எதிராகப் பணம் கட்டினார்கள். ஜாக் என்ன செய்தார் தெரியுமா? விடுதிகளில் சாப்பாட்டு நேரத்துக்கு அடிக்கிற மணிகளை வாங்கிவந்து, ஒவ்வொரு கம்பத்திடமும் ஒரு ஆளை நிறுத்தி அடிக்கச் சொன்னார். மணிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். ஜெயித்தார்! கண்ணால் பார்க்கவேண்டிய பாதையைக் காதால் கேட்கிற பாதையாக மாற்றிவிட்டார், அவ்வளவுதான் சூட்சுமம்.

1739-ல் காதல் கல்யாணம். ஹாரோகேட் விடுதிக்காரர் மகள் டாரத்தி பென்சன். பெண் வீட்டார் வேறு ஒருவருக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஜாக்கும் டாரத்தியும் ஊரைவிட்டுக் கிளம்பி, மறுநாள் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இன்னொரு சம்பவம் அவருடைய பிற்காலத் தொழிலுக்கே அச்சாரம் மாதிரி. லண்டனில் இருந்தபோது தெரிந்த கர்னல் ஒருவர் ஹாரோகேட் வரை தன் கோச்சு வண்டியில் இடம் தருவதாகச் சொன்னார். நடந்தே வந்துவிடுவதாகச் சொல்லி மறுத்துவிட்டார் ஜாக். தூரம் ஏறக்குறைய 200 மைல். கர்னலின் வண்டிக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்தார்! ஜாக்கின் கால் பலம் பாதி காரணம், அந்தக் காலத்து ரோடு மீதி காரணம். சேற்றில் சக்கரம் புதைந்தால் குதிரை என்ன செய்யும்?

1745-ல் ஸ்காட்லாந்துப் பக்கம் கலகம் வந்தபோது அரசுப் படைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து, வாத்தியக்காரராகவும் கூடவே போனார். திரும்பி வந்து பல வியாபாரங்கள் பார்த்தார். 1754-ல் யார்க்குக்கும் நேர்ஸ்பரோவுக்கும் நடுவே சரக்கு வண்டி விட்டு, தானே ஓட்டினார். எந்தப் பள்ளத்தில் வண்டி எப்படிக் குலுங்கும், எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் உடம்போடு சேர்ந்த பாடமாயிற்று.

1765-ல் ஹாரோகேட்டிலிருந்து பரோபிரிட்ஜுக்குச் சுங்கச் சாலை போடச் சட்டம் வந்தது. ரோடு போடத் தெரிந்த காண்ட்ராக்டர் அபூர்வம். 48 வயது ஜாக் போய்க் கேட்டார். மின்ஸ்கிப்புக்கும் ஃபெரன்ஸ்பிக்கும் இடையே மூன்று மைல் கொடுத்தார்கள். குறித்த கெடுவுக்கு முன்பே முடித்தார். அதன்பிறகு வேலை அவரைத் தேடி வந்தது.

எப்படி சர்வே பண்ணினார்? கையில் நீளமான ஒரு கோல். மலை, பள்ளத்தாக்கு எல்லாம் தனியாகவே நடந்து, குத்திப் பார்த்து, சரிவையும் மண்ணையும் மனசிலேயே பதித்துக்கொள்வார். கணக்கும் மனக்கணக்குதான். அதை இன்னொருவருக்குச் சொல்லித்தர அவரால் முடியவில்லை. நம் புத்தகத்தில் படம் இல்லாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ரோட்டு வேலையில் அவர் விடாப்பிடியாக நின்றது இரண்டு விஷயத்தில்: உறுதியான அடித்தளம், தண்ணீர் வடிகிற மாதிரி நடு உயர்ந்த மேல்பரப்பும் ஓரச் சாக்கடையும். நாம் இன்று கேம்பர், டிரெயினேஜ் என்று எழுதுகிறோமே, அதேதான்.

பெரிய சோதனை ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் வழியில், ஸ்டாண்டெட்ஜ் மேட்டில் வந்தது. மேலே பார்த்தால் செடி மூடிய தரை; கால் வைத்தால் உளை. உளையை முழுக்க வெட்டி எடுத்துக் கெட்டித் தரை வரை போகவேண்டும் என்றது மேற்பார்வைத் தரப்பு. வெட்டின பள்ளத்தில் தண்ணீர்தான் நிற்கும், செலவும் தாங்காது என்றார் ஜாக். தன் முறை தோற்றால் அவர்கள் சொன்னபடியே சொந்தச் செலவில் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். தோற்றிருந்தால் நடுத்தெரு! அந்த மேட்டில் விளையும் ஹெதர் குத்துச்செடியைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஒரு அடுக்கு நீளவாக்கில், அடுத்த அடுக்கு குறுக்குவாக்கில் பரப்பி அழுத்தினார். அதன்மேல் கல்லும் சரளையும். புதைந்துவிடும் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்தப் பகுதிக்கு ஏறக்குறைய 12 வருஷம் ரிப்பேரே தேவைப்படவில்லை. 1830-ல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையைச் சாட் மாஸ் சதுப்பின்மேல் ஸ்டீஃபன்சன் கொண்டுபோனதும் இதே மிதவைத் தத்துவத்தில்தான். இன்று ஜியோடெக்ஸ்டைல் விரிக்கிறோமே, அதுவும் இந்த யோசனைக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான்.

ஆற்றடியில் நடந்ததே இங்கேயும் நடந்தது, பார்த்தீர்களா? உளை நிலத்தில் கண் ஏமாற்றும், கோல் ஏமாற்றாது.

மொத்தம் சுமார் 180 மைல் சாலை போட்டார். எல்லாம் லாபம் என்று இல்லை. 1792-ல் முடித்த கடைசி வேலையில் கூலி ஏறிப்போய் நஷ்டப்பட்டார். அப்போது வயது 75. பிறகு ஸ்பாஃபர்த் கிராமத்தில் மகள் வீட்டோடு தங்கி, தன் கதையைச் சொல்லி எழுதவைத்தார். 1795-ல் அது புத்தகமாக வந்தது. 1810 ஏப்ரல் 26 அன்று 92 வயதில் காலமானார். 2009-ல் நேர்ஸ்பரோ சந்தைத் திடலில் சிலை வைத்தார்கள்: பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் தூரம் அளக்கும் சக்கரம்.

நண்பர்களே! தன்னம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் இந்த வாழ்க்கையை முடித்துவிட எனக்கு மனசில்லை. தன்னம்பிக்கை ஜாக்கிடம் நிறைய இருந்தது, உண்மை. ஆனால் சின்ன வயதில் ஆற்றுப்பக்கம் போகாதே என்று அவரை யாரும் கட்டிப்போடவில்லை. பெரிய வயதில் மூன்று மைலை நம்பிக் கொடுக்க ஒருவர் இருந்தார். அந்த இரண்டும் இல்லாவிட்டால் அவர் கடைசிவரை விடுதியில் வயலின் வாசித்திருப்பார். அந்த 180 மைலை வேறு யாராவது சேற்றில் போட்டிருப்பார்கள்.

நாளைக்கு நாமும் சைட் எஞ்சினியராக, சூப்பர்வைசராக, காண்ட்ராக்டராக வேலை கொடுக்கிற இடத்தில் இருப்போம். கண்ணோ காலோ காதோ இல்லாத ஒருவர் வந்து வேலை கேட்டு நிற்பார். பரிதாபப்பட்டு நாற்காலி போடவேண்டாம். எந்த வேலைக்கு எந்தப் புலன் வேண்டும் என்று முதலில் யோசிப்போம். பிறகு மூன்று மைல் கொடுத்துப் பார்ப்போம்!