மேரி ஐன்ஸ்வொர்த்

மேரி ஐன்ஸ்வொர்த் (டிசம்பர் 1, 1913 – மார்ச் 21, 1999) ஐக்கிய அமெரிக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்த உளவியலாளர் ஆவார். கைக்குழந்தைக்கும் அதனை வளர்ப்போருக்கும் இடையிலான பிணைப்பை மதிப்பிடும் 'அந்நியச் சூழல்' என்னும் சோதனை முறையை உருவாக்கியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். ஜான் போல்பி முன்வைத்த பிணைப்புக் கோட்பாட்டுக்கு நேரடி அவதானிப்பின் மூலம் சான்றுகள் வழங்கியவரும் இவரே.

இளமையும் கல்வியும்

ஒகையோ மாநிலத்தின் கிளெண்டேலில், மூன்று பெண் மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். இயற்பெயர் மேரி சால்ட்டர். 1918 இல் இவரது குடும்பம் டொராண்டோவில் குடியேறியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1935 இல் இளங்கலைப் பட்டமும் 1939 இல் முனைவர் பட்டமும் பெற்றார். பெற்றோர் தரும் பாதுகாப்புணர்வே குழந்தை துணிந்து உலகை ஆராய அடிப்படை என்பது அங்கு இவருடைய ஆசிரியராக இருந்த வில்லியம் பிளாட்ஸின் கருத்தாகும். 1942 இல் கனடிய மகளிர் இராணுவப் பிரிவில் சேர்ந்து மேஜர் தரநிலையை அடைந்தார். 1950 இல் லெனார்ட் ஐன்ஸ்வொர்த்தை மணந்து இலண்டன் சென்று, டாவிஸ்டாக் கிளினிக்கில் போல்பியின் ஆய்வுக்குழுவில் பணியாற்றினார்.

உகாண்டா ஆய்வு

கணவரின் பணி காரணமாக 1954 இல் உகாண்டா சென்றார். கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குத் தவறாது சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் அவதானித்தார். குழந்தை உணவுக்காக மட்டுமே தாயை நாடுகிறது என்ற அக்காலக் கருத்து போதாது என்பதை இவ்வாய்வு அவருக்கு உணர்த்தியது. தாயின் அருகிலிருந்து தவழ்ந்து சென்று சுற்றுப்புறத்தை ஆராய்வதும், அச்சம் நேர்ந்தால் அவரிடமே திரும்புவதும் குழந்தையின் இயல்பாக இருந்தன. இம்முடிவுகள் 1967 இல் நூலாக வெளிவந்தன.

அந்நியச் சூழல் சோதனை

அமெரிக்கா திரும்பியபின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1963 இல் பால்ட்டிமோர் நகரில் 26 குடும்பங்களைத் தேர்ந்து, குழந்தையின் முதலாண்டு முழுவதும் வீடுகளில் அவதானிக்கும் ஆய்வைத் தொடங்கினார். தாய் அறையை விட்டுச் செல்வது இக்குழந்தைகளுக்குப் பழகிய நிகழ்வாதலால், உகாண்டாக் குழந்தைகளைப் போல இவை வீட்டில் எளிதில் கலங்கவில்லை. ஆகவே பழக்கமற்ற ஓர் அறையில் நடத்தும் சோதனையைப் பார்பரா விட்டிக்குடன் இணைந்து வடிவமைத்தார்.

ஏறத்தாழ 20 நிமிடம் நடைபெறும் இச்சோதனை எட்டுக் கட்டங்களைக் கொண்டது. இடையில் தாய் இருமுறை வெளியேறித் திரும்புவார். அறிமுகமற்ற ஒருவரும் அறைக்குள் வருவார். பிரிவின்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்கிறது என்பதே முதன்மையான அளவீடாகும். பாதுகாப்பான பிணைப்புடைய குழந்தை தாயை நாடி ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடும். தவிர்க்கும் வகையினது தாயிடமிருந்து முகம் திருப்பும். எதிர்க்கும் வகையினது அணைப்பை நாடியபடியே சினந்து ஆறுதலை மறுக்கும். அழாத குழந்தை கலங்காத குழந்தை என்று கொள்வதற்கில்லை. தவிர்க்கும் வகைக் குழந்தைகளின் இதயத்துடிப்பும் பிரிவின்போது உயர்வதை ஆலன் சிரௌஃப், எவரெட் வாட்டர்ஸ் ஆகியோர் 1977 இல் காட்டினர்.

குழந்தையின் குறிப்புகளை உணர்ந்து உரிய நேரத்தில் ஈடுகொடுத்த தாய்மாரின் குழந்தைகளிடமே பாதுகாப்பான பிணைப்பு மிகுந்திருந்தது. வீட்டில் ஓராண்டு சேகரித்த குறிப்புகளே இருபது நிமிடச் சோதனைக்குப் பொருள் தந்தன. இவை 1978 இல் நூலாயின.

விரிவாக்கமும் விமர்சனமும்

இவரின் மாணவி மேரி மெயின், ஜூடித் சாலமனுடன் சேர்ந்து, ஒழுங்கற்ற பிணைப்பு என்னும் நான்காம் வகையை 1980களில் சேர்த்தார். இச்சோதனை தந்தையரைக் கொண்டும் நடத்தப்பட்டது. ஒரே குழந்தை தாயிடம் ஒருவகைப் பிணைப்பும் தந்தையிடம் வேறுவகைப் பிணைப்பும் கொண்டிருக்கலாம் என்று மெயினும் டோனா வெஸ்டனும் 1981 இல் கண்டறிந்தனர். எனவே சோதனை அளப்பது குழந்தையின் குணத்தை மட்டுமன்று, ஒரு குறிப்பிட்ட உறவை என்ற கருத்து வலுப்பெற்றது. எனினும் பிறவி மனப்பாங்கின் பங்கு போதிய அளவு கருதப்படவில்லை என ஜெரோம் கேகன் வாதிட்டார். தாயைப் பிரிந்து பழகாத சப்பானியக் குழந்தைகளுக்கு இச்சோதனை மிகையான அழுத்தம் தரக்கூடும் என்ற விமர்சனமும் எழுந்தது.

இறுதிக்காலம்

1970களின் நடுப்பகுதியில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இணைந்து, 1984 இல் ஓய்வு பெற்றார். 1998 இல் அமெரிக்க உளவியல் அறக்கட்டளையின் வாழ்நாள் சாதனைத் தங்கப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு சார்லட்ஸ்வில்லில் காலமானார்.