சூதாடியின் முதல் பாடம்



லாரியில் கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் கார்டன் ஷாஃப்ட், ஆட்டோமொபைல் படிப்பவர்களுக்குப் பழகிய பொருள். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு சூதாடி என்றால் நம்புவீங்களா?

ஜிரோலாமோ கார்டானோ 1501-ல் இத்தாலியின் பவியா நகரில் பிறந்தார். மருத்துவம் படித்த காலத்தில், அப்பா விட்டுப்போன பணம் கரைந்ததும், சீட்டும் பகடையும் ஆடித்தான் செலவைச் சமாளித்தார். 1526-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். முறைப்படி மணமாகாத பெற்றோருக்குப் பிறந்தவர் என்று மிலான் மருத்துவர் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. வறுமையில் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து ஆடித் தோற்றார். கடைசியில் ஏழைகள் விடுதியில் தஞ்சம் புகுந்தார்.

சீட்டில் ஜெயிக்க முதலில் எதைப் படிக்கணும்? ராசியா, எதிராளியின் முகமா, கை வித்தையா? கார்டானோ பிடித்தது எண்ணிக்கையை. இரண்டு பகடை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் கூட்டுத்தொகை 7 வர 6 வழி. 2 வர ஒரே வழி. மொத்த வழியில் நமக்குச் சாதகம் எத்தனை என்று பார்த்த பிறகே பந்தயம் கட்ட வேண்டும் என்றார். நாம் படிக்கும் நிகழ்தகவின் தொடக்கம் இதுவே. இதை எழுதிய நூல் அவர் இறந்து 87 ஆண்டுகள் கழித்து 1663-ல்தான் அச்சேறியது.

நம் நளன் கதையும் இதையேதான் சொல்கிறது. இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்ற பிறகே நளன் சூதில் இழந்த நாட்டை மீட்டான்.

அவர் ஆடிய பிரிமேரோ, இன்றைய போக்கரின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. போக்கரில் 52 சீட்டில் 5 எடுக்க 25,98,960 வழிகள். அதில் ஒரே எண்ணில் நான்கு சீட்டு சேர்வது 624 வழிகளில் மட்டுமே. அதாவது 4,165-க்கு ஒன்று! இது தெரியாமல் தந்திரம் படிப்பது அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுவது போல.

1545-ல் அவர் வெளியிட்ட இயற்கணித நூலில் எதிர்ம எண்ணின் வர்க்கமூலமும் இடம் பெற்றது. எலக்ட்ரிக்கல்காரர்கள் போடும் ஜே கணக்கின் விதை அது. நம்ம ஊர் பூட்டுக்குப் பெயர் போனதாச்சே! எண்களை ஒழுங்கு சேர்த்துத் திறக்கும் பூட்டையும் கார்டானோ விவரித்திருக்கிறார். 10 எண் கொண்ட சக்கரம் நான்கு என்றால் 10,000 சேர்க்கைகள். பூட்டிலும் சீட்டிலும் ஒரே கணக்குத்தான்.

ஆடாமல் இருப்பதே பெரிய லாபம் என்றும் அவர் எழுதினார். ஆனால் பல்லாண்டு தினமும் ஆடியதைத் தன் வரலாற்றில் வெட்கத்தோடு குறித்தார். கணக்கு தெரிந்தும் கை நிற்கவில்லை! 1576-ல் ரோமில் காலமானார்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய சட்டம் தடை செய்தது. சட்டத்துக்கு முன்பே கணக்கு எச்சரித்திருக்கிறது. நண்பர்களே, முதலில் எண்ணக் கற்போம். எண்ணியபின் எழுந்து வரவும் கற்போம்!