மடம் சி. ஜே. வோக்கர் (1867–1919): கூந்தலும் சுயமரியாதையும்

முன்னுரை

மாணவர்களே, பெரியோர் வாழ்க்கை வரலாறு என்றதும் அரசியல் தலைவர்களும் விஞ்ஞானிகளும் புலவர்களுமே நம் நினைவுக்கு வருவர். இப்பகுதியில் நாம் படிக்கப்போவது, தலைமயிரைப் பேணும் முறையை ஒரு தொழிலாக வளர்த்து, அதன் மூலம் தம் இனத்துப் பெண்கள் பலரைத் தலைநிமிரச் செய்த ஒருவரின் வரலாறு ஆகும். அவர் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணியான மடம் சி. ஜே. வோக்கர் ஆவார்.

தலைமயிர் சிறிய விடயம் போலத் தோன்றலாம். ஆனால் ஒருவர் பிறப்பிலே பெற்ற மயிரை அழகற்றது என்று ஒரு சமுதாயம் முடிவுசெய்துவிட்டால், அம்முடிவு அவரது தொழிலையும் மதிப்பையும் தன்னம்பிக்கையையும் பாதிக்கும். இதனை மனத்திற் கொண்டு இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

மேற்கு ஆபிரிக்க மக்களிடையே தலைமயிர் பின்னுதல் ஒரு கலையாக விளங்கியது. ஒருவரது குலம், வயது, திருமண நிலை என்பவற்றைப் பின்னலின் அமைப்பே எடுத்துக்காட்டியது. அம்மக்கள் அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது தம் சீப்பையும் எண்ணெயையும் இழந்தனர். தலைவாருவதற்குரிய நேரத்தையும் இழந்தனர். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அதற்குக் கிடைத்தது. மற்றைய நாட்களில் பெண்கள் தலையைத் துணியாற் கட்டிக்கொண்டு வயலில் உழைத்தனர்.

அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண்களும் கட்டுப்பாட்டிலிருந்து தப்பவில்லை. லூசியானா ஸ்பானியர் ஆட்சியில் இருந்தபோது, 1786ஆம் ஆண்டில் ஆளுநர் மிரோ அப்பெண்கள் தம் தலையைத் துணியால் மூடவேண்டும் என்று கட்டளையிட்டார். அவர்களது கூந்தல் அலங்காரம் வெள்ளையர் சமுதாயத்தின் கண்ணை உறுத்தியதே இதற்குக் காரணமாகும். பெண்களோ வண்ணத் துணிகளை அழகாகக் கட்டி, தாழ்த்துவதற்கு விதித்த அடையாளத்தையே அலங்காரமாக மாற்றினர். மடம் வோக்கர் பிறந்ததும் இதே லூசியானாவிலேயே ஆகும்.

அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. எனினும் நேரான மயிரே நல்ல மயிர், சுருண்ட மயிர் சீர்கெட்ட மயிர் என்ற எண்ணம் ஒழியவில்லை. வெள்ளையர் வகுத்த இவ்வளவுகோலைக் கறுப்பின மக்களிற் பலரும் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

இங்கு ஓர் அறிவியல் உண்மையையும் அறிதல் நன்று. தலைத்தோலில் ஊறும் எண்ணெய், நேரான மயிரில் அடியிலிருந்து நுனிவரை எளிதிற் பரவும். நெருக்கமாகச் சுருண்ட மயிரிலோ அது நுனியை அடைவது கடினம். ஆகவே அம்மயிர் விரைவில் உலரும். முரட்டுத்தனமாக வாரினால் முறியும். இது குறைபாடு அன்று. அம்மயிருக்கு வேறு வகையான பராமரிப்புத் தேவை என்பதே இதன் பொருளாகும்.

இளமைக் காலம்

இவரது இயற்பெயர் சாரா பிறீட்லவ் ஆகும். 1867ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 23ஆம் திகதி, லூசியானா மாநிலத்தில் டெல்ரா என்னும் ஊருக்கு அருகில், ஒரு பருத்தித் தோட்டத்திற் பிறந்தார். தந்தை ஓவன், தாய் மினேர்வா ஆகிய இருவரும் அத்தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அக்குடும்பத்திற் சுதந்திரமாகப் பிறந்த முதற் பிள்ளை சாராவே ஆவார்.

சுதந்திரம் கிடைத்தாலும் வறுமை நீங்கவில்லை. ஏழு வயதிற் பெற்றோர் இருவரையும் இழந்தார். பின்னர் அக்காவுடன் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பேர்க் நகருக்குச் சென்று வீட்டு வேலை செய்தார். பாடசாலைக் கல்வி அவருக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பதினான்கு வயதில் மோசஸ் மக்வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். 1885இல் லீலியா என்னும் மகள் பிறந்தாள். 1887இற் கணவர் இறக்க, இருபது வயதைக் கூட எட்டாத சாரா கைக்குழந்தையுடன் விதவையானார்.

அடுத்து அவர் சென் லூயிஸ் நகரை அடைந்தார். அங்கே அவரது சகோதரர்கள் முடிதிருத்தும் தொழில் செய்தனர். சாரா சலவைத் தொழிலாளியாகி, நாளொன்றுக்கு ஒன்றரை டொலர் அளவிலான வருமானத்தில் மகளைப் படிக்கவைத்தார். இந்நகரின் ஆபிரிக்க மெதடிஸ்த திருச்சபையில் அவர் கல்வி கற்ற கறுப்பினப் பெண்களுடன் பழகினார். தாமும் உயரலாம் என்ற எண்ணம் இங்கேயே அவரிடம் வேரூன்றியது.

தலைமயிர் உதிர்ந்த துன்பம்

1890களில் சாராவின் தலைத்தோலில் நோய் ஏற்பட்டு மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இத்துன்பம் அவருக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து ஏழைப் பெண்கள் பலருக்கும் இது நேர்ந்தது. அதற்கான காரணங்கள் வருமாறு:

1. வீடுகளில் குழாய்நீர் வசதி இல்லாமையால் அடிக்கடி தலைமுழுக முடியாமை.
2. கடுமையான காரம் சேர்ந்த சவர்க்காரத்தைத் தலைக்கும் பயன்படுத்தியமை.
3. பொடுகும் தலைத்தோல் நோய்களும் சிகிச்சையின்றி விடப்பட்டமை.
4. போசாக்கற்ற உணவும் ஓயாத உழைப்பும்.

மயிர் உதிர்ந்த பெண் இரட்டை இகழ்ச்சிக்கு ஆளானாள். சுருண்ட மயிர் என்பதற்காக ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவள், இப்போது அதுவும் இல்லாதவள் ஆனாள். சாரா பல மருந்துகளைப் பூசிப் பார்த்தார். கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் மருந்துகளைத் தயாரித்த அனி ரேண்போ என்னும் தொழில்முனைவோரின் பொருட்களைப் பயன்படுத்தியதுடன், அவருக்கு விற்பனை முகவராகவும் பணிபுரிந்தார்.

தொழிலின் தொடக்கம்

1905ஆம் ஆண்டில் சாரா கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1906இல் பத்திரிகை விளம்பரத் துறையில் அனுபவமுள்ள சார்ள்ஸ் ஜோசப் வோக்கரை மணந்து, மடம் சி. ஜே. வோக்கர் என்ற பெயரைத் தம் தொழிற்பெயராக்கிக் கொண்டார். அக்காலத்தில் வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்களை, எவ்வளவு மூத்தவராயினும், மரியாதைச் சொல் சேர்க்காமற் பெயர் சொல்லியே அழைத்தனர். மடம் என்ற அடைமொழி அம்மரியாதையைத் தாமே எடுத்துக்கொண்டதற்கு ஒப்பாகும்.

அவர் விற்ற கூந்தல் வளர்ச்சிக் களிம்பில் கந்தகம், பெற்றோலியக் களிம்பு, தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய் முதலியன சேர்ந்திருந்தன. கந்தகம் தலைத்தோல் நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த மருந்தே ஆகும். களிம்பை விட முக்கியமானது அவர் கற்பித்த ஒழுங்கு: முதலில் தலையைச் சுத்தமாகக் கழுவுதல், அடிக்கடி கழுவுதல், தலைத்தோலுக்கு மருந்திடுதல், பின்னர் மயிருக்கு எண்ணெய்ப் பசை ஊட்டுதல். மயிரை மறைக்காமல், அது வளரும் இடத்தைக் குணப்படுத்தியதே அவரது முறையின் சிறப்பாகும்.

வீடு வீடாகவும் திருச்சபை மண்டபங்களிலும் செய்துகாட்டியே அவர் விற்பனையைத் தொடங்கினார். தம் சொந்தப் படத்தையே விளம்பரத்தில் இட்டார். கறுப்பினப் பெண்ணின் முகம் அழகுப் பொருளின் விளம்பரத்தில் மதிப்புடன் தோன்றுவது அக்காலத்தில் அரிய செயலாகும்.

1908இற் பிற்ஸ்பேர்க் நகரில், மகளின் பெயரால், கூந்தற் பராமரிப்புப் பயிற்சிக் கல்லூரியை அமைத்தார். 1910இல் இந்தியானாபொலிஸ் நகருக்குச் சென்று தொழிற்சாலையை நிறுவினார். 1912இற் கணவரைப் பிரிந்தபோதும் தொழில் தளரவில்லை. 1913இல் ஜமெய்க்கா, கியூபா, ஹெயிற்றி முதலிய நாடுகளுக்கும் பயணம் செய்து வியாபாரத்தை விரிவாக்கினார்.

பெண்களுக்கு வருமானம்

கறுப்பினப் பெண்களுக்கு அன்று கிடைத்த தொழில்கள் வயல் வேலை, சமையல், சலவை என்பனவே ஆகும். மடம் வோக்கர் ஆயிரக்கணக்கான பெண்களை முகவர்களாகப் பயிற்றுவித்தார். வெள்ளைக்காரரின் சமையலறைக்குச் செல்லாமல், தம் இனத்துப் பெண்களுக்குச் சேவைசெய்து அவர்கள் சொந்தமாக உழைத்தனர். சிலர் வீடு வாங்கினர். சிலர் பிள்ளைகளைப் படிப்பித்தனர்.

1912இற் சிக்காகோவில் கறுப்பின வர்த்தகர் மாநாடு நடைபெற்றது. அதன் தலைவர் புக்கர் ரி. வொஷிங்ரன் அவருக்குப் பேச வாய்ப்பளிக்கவில்லை. இறுதி நாளில் மடம் வோக்கர் தாமே எழுந்து நின்று, பருத்தி வயலிலிருந்து தொழிற்சாலை வரை தாம் ஏறிவந்த படிகளைச் சபையோருக்கு எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அதே மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளராக விளங்கினார்.

1917இற் பிலடெல்பியாவில் தம் முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமன்றி, அதிகம் தருமம் செய்தவர்களுக்கும் பரிசு வழங்கினார். கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என அம்மாநாடு ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பியது. தலைவாரும் தொழில் செய்த பெண்கள் ஓர் அரசியற் குரலாக எழுந்தமை இங்கு கவனிக்கத்தக்கது.

எழுந்த விமர்சனம்

மடம் வோக்கரின் முறையில் சூடாக்கிய உலோகச் சீப்பும் இடம்பெற்றது. அச்சீப்பால் வாரினால் சுருண்ட மயிர் தற்காலிகமாக நேராகும். ஆகவே அவர் கறுப்பினப் பெண்களை வெள்ளையரைப் போலத் தோன்றத் தூண்டுகிறார் என்று அவர் காலத்திலேயே சிலர் கண்டித்தனர். அவர் இதனை மறுத்தார். மயிரை நேராக்கும் பொருள் என்ற சொல்லைத் தம் விளம்பரங்களிற் பயன்படுத்த அவர் விரும்பவில்லை. தலைத்தோலின் நலமும் மயிரின் வளர்ச்சியுமே தம் நோக்கம் என்றார்.

இவ்விடயத்தில் இரு பக்கங்களையும் சீர்தூக்குதல் வேண்டும். அவர் தந்த பராமரிப்பு உண்மையானது. நோயுற்ற தலைகள் குணமடைந்தன. ஆனால் நேரான மயிருக்கே மதிப்பளித்த சமுதாயத்தில், சூட்டுச் சீப்பை நாடி வந்த பெண் முழு விருப்பத்துடன் வந்தாளா, வேலையும் மரியாதையும் கிடைக்க வேறு வழியின்றி வந்தாளா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. குற்றம் சீப்பைப் பிடித்த கையில் மட்டும் இல்லை. அளவுகோலை வகுத்த சமுதாயத்திலும் உண்டு.

இறுதிக் காலமும் பின்விளைவும்

1916இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்குச் சென்ற அவர், 1918இல் ஹட்சன் ஆற்றங்கரையில் அமைந்த தம் மாளிகையிற் குடியேறினார். அதனை வடிவமைத்தவரும் வேர்ட்னர் ரண்டி என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞரே ஆவார். 1919இற் கும்பற் கொலைகளுக்கு எதிரான நிதிக்கு 5,000 டொலர் வழங்க உறுதியளித்தார். அவ்வாண்டு மே மாதம் 25ஆம் திகதி, சிறுநீரக நோயாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் தமது 51ஆவது வயதிற் காலமானார்.

1960களிற் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடியபோது, இயற்கையான சுருள்மயிரை அப்படியே வளர்த்துப் பெருமையுடன் காட்டும் வழக்கம் பரவியது. எனினும் பின்னலுடனோ சுருள்மயிருடனோ வந்த காரணத்துக்காகப் பாடசாலையிலும் தொழிலிலும் தடை விதிக்கப்பட்ட சம்பவங்கள் தொடர்ந்தன. 2019ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதன்பின் வேறு பல மாநிலங்களும் அவ்வாறு செய்தன. அச்சட்டம் வந்தது மடம் வோக்கர் இறந்து சரியாக நூறாவது ஆண்டில் ஆகும்.

முடிவுரை

தம் மயிரைப் பேண நேரமும் நீரும் மருந்தும் அற்றிருந்த பெண்களுக்கு, அதனைப் பேணத்தக்க செல்வமாகக் காட்டியவர் மடம் வோக்கர். அக்கூந்தலை எவ்வடிவில் வைத்திருப்பது என்பதைப் பெண்கள் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர் காலத்தில் முழுமையாகக் கைகூடவில்லை. அப்பணியைப் பின்வந்தோர் தொடர்ந்தனர். பிறர் தோற்றத்தை இகழ்வது எத்துணைப் பெரிய காயத்தை உண்டாக்கும் என்பதையும், அக்காயத்தை உழைப்பாலும் அறிவாலும் ஆற்றமுடியும் என்பதையும் அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

நினைவிற் கொள்க

மாணவர்கள் தவறாக எழுதக்கூடிய இரு விடயங்கள்:

• சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் மடம் வோக்கர் அல்லர். அது அவருக்கு முன்பே பாவனையில் இருந்தது. அதனைப் பரவலாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.
• சுயமுயற்சியால் மில்லியன் டொலர் சேர்த்த முதல் அமெரிக்கப் பெண் என அவர் குறிப்பிடப்படுகின்றார். ஆயினும் இறக்கும்போது அவரது சொத்தின் மதிப்பீடு அத்தொகைக்குக் குறைவாகவே இருந்தது.

பயிற்சி வினாக்கள்

1. சாரா பிறீட்லவ் தம் குடும்பத்தில் எவ்வகையில் முதன்மை பெறுகின்றார்?
2. அக்காலப் பெண்களின் தலைமயிர் உதிர்ந்தமைக்கான காரணங்கள் மூன்றினைத் தருக.
3. மடம் என்ற அடைமொழியின் முக்கியத்துவத்தை விளக்குக.
4. 1912ஆம் ஆண்டு மாநாட்டில் அவர் நடந்துகொண்ட விதம் அவரது எப்பண்பை வெளிப்படுத்துகின்றது?
5. சூட்டுச் சீப்புப் பற்றிய விமர்சனம் நியாயமானதா? உமது கருத்தைக் காரணங்களுடன் 100 சொற்களில் எழுதுக.