காற்றின் இரகசியம் கண்ட ஜோன் டிண்டால்

வானிலே வலம்வரும் செய்மதி காற்றின் வெம்மையையும் ஈரத்தையும் அளந்தறிய அடிகோலியவருள் ஒருவர், ஓர் எளிய காவலரின் மைந்தர். 1820இல் அயர்லாந்திலே பிறந்த ஜோன் டிண்டால், நிலம் அளந்து பிழைத்தவர். 1848இல் ஜெர்மனி சென்று கற்று, 1853இல் இலண்டன் றோயல் நிறுவனத்திற் பேராசிரியரானார்.

1859இல் தொடங்கிய சோதனைகளிலே, குழாயொன்றில் வாயுக்களை அடைத்து, கண்ணுக்குப் புலனாகா வெப்பக் கதிர்களை அதனூடே செலுத்தினார். ஒட்சிசனும் நைதரசனும் வழிவிட்டன. நீராவியும் காபனீரொட்சைட்டுமோ கதிர்களை விழுங்கின. இரவிலே பூமி விறைத்துப் போகாது காக்கும் போர்வை காற்றின் ஈரமே எனத் தெளிந்தார்.

1893இல், நோயுற்றிருந்த அவருக்கு மனைவி லூயிசா மருந்து மாறித் துயில்மருந்தை மிகையாக ஊட்டிவிட, அன்றே உயிர் நீத்தார். தம் கையால் நேர்ந்த துயரைச் சுமந்த அவ்வம்மையார், 1940 வரை வாழ்ந்து, கணவரின் வரலாற்றுக்காய்க் கடிதங்களைத் திரட்டினார்.

1969இல் விண்ணேறிய நிம்பஸ் 3 செய்மதி, பூமியினின்று மேலெழும் செந்நிறக்கீழ்க் கதிர்களை அளந்தது. மிகுதியாக உறிஞ்சப்படும் அலைகள் மேலடுக்கின் செய்தியையும், குறைவாக உறிஞ்சப்படுபவை கீழடுக்கின் செய்தியையும் கொணர்ந்தன. காபனீரொட்சைட்டின் அலைகள் வெப்பநிலையை உரைத்தன. நீராவியின் அலைகள் ஈரத்தை உணர்த்தின. அன்று ஒரு குழாயினுள் அவர் கண்ட உண்மை, வானளாவ விரிந்து நின்றது.