மருத்துவ அறிஞர் ஹாஃப்கின்

அம்பர்நாத்திலிருந்து மும்பைக்குச் செல்லும் மின்தொடர் வண்டி தாதரைக் கடந்ததும் பரேல் நிலையம் வரும். அப்பகுதியில், பழைய ஆளுநர் மாளிகையில் ஹாஃப்கின் ஆய்வு நிறுவனம் இயங்கி வருகின்றது. அப்பெயருக்கு உரியவர் மும்பையில் பிறந்தவர் அல்லர், இந்தியரும் அல்லர்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு ஒடெசா நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியபோது காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1893இல் இந்தியாவுக்கு வந்து பல்லாயிரம் மக்களுக்கு அதனைச் செலுத்தினார்.

1896இல் மும்பையில் பிளேக் என்னும் கொள்ளை நோய் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். ஹாஃப்கினோ அந்நகருக்குள் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில் ஆய்வைத் தொடங்கினார். இறைச்சிச் சாற்றில் பிளேக் நுண்ணுயிரிகளை வளர்த்தார். அவை நன்கு தழைப்பதற்காகச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். வளர்ந்தவற்றை வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார். 1897 சனவரி 10ஆம் நாள் அம்மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காலரா மருந்தையும் அவர் அவ்வாறே சோதித்திருந்தார். 1899இல் பரேலில் அவருக்குப் பெரிய ஆய்வகம் கிடைத்தது.

1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபின் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. ஐந்து புட்டிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேரைச் சில நாள்களில் இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் தாக்கியது. பத்தொன்பதின்மரும் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. பதவியிலிருந்து விலக்கப்பட்ட அவர், 1904இல் இந்தியாவைவிட்டு நீங்கினார்.

டெட்டனஸ் நுண்ணுயிரி புட்டிக்குள் எங்கே புகுந்தது? அதன் இயல்பை அறிந்தால்தான் விடை கிட்டும். அது மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் காணப்படுவது. உயிர்வளி உள்ள இடத்தில் வளராது. சூழல் பகையானதும் தன் மரபுப்பொருளின் ஒரு படியைப் பல அடுக்கு உறைகளுக்குள் பொதிந்து, நீரைக் குறைத்து, அகவித்தாக மாறுகின்றது. அவ்வித்து உண்பதில்லை, வளர்வதில்லை, ஆயினும் இறப்பதும் இல்லை. பிளேக் நுண்ணுயிரியைக் கொல்லும் வெப்பம் அதனை ஒன்றும் செய்யாது. கொதிநீரிலும் சில நிமிடங்கள் தாங்கும். பல ஆண்டுகள் கழித்துக் காற்றுப் புகாத ஆழ்ந்த புண்ணில் ஈரமும் உணவும் கிட்டினால், நீரை உறிஞ்சி, உறையை உடைத்து முளைக்கின்றது. அதன் பின்னரே பெருகி நஞ்சைச் சுரக்கின்றது. கோடையில் கருகிய தரையில் முதல் மழைக்குப்பின் புல் முளைப்பது போன்றது இது. ஆனால், ஒரு செடி பல விதைகளைத் தரும். இந்நுண்ணுயிரி ஒரே ஒரு வித்தையே தரும். ஆதலால் இது பெருக்கம் அன்று, பிழைத்திருக்கும் வழி.

அப்புட்டி பல நாள்களுக்கு முன்னரே மூடப்பட்டது. ஆய்வகத்திலேயே வித்து புகுந்திருந்தால், மூடிய புட்டிக்குள் முளைத்து நஞ்சை நிறைத்திருக்கும். திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும். நோயும் விரைந்து தோன்றியிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. புட்டியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்ததும், கார்பாலிக் அமிலத்தில் சற்றே அலசி அதனையே பயன்படுத்தியதும் விசாரணையில் வெளிப்பட்டன. அகவித்துக்கு அந்த அலசல் ஒரு பொருட்டன்று.

இவ்வளவு தெளிவான காரணம் ஏற்கப்பட ஐந்து ஆண்டுகள் ஆயின என்பது வியப்பே. 1907இல், மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் இலண்டன் நாளிதழ் ஒன்றில் ஹாஃப்கினுக்காக வாதிட்டனர். அவ்வாண்டே அவர்மீதான பழி நீங்கியது. அவர் மீண்டும் இந்தியா வந்தார். ஆயினும் பரேல் ஆய்வகத்தின் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் பணியாற்றி ஓய்வு பெற்றார்.

1925இல் பரேல் ஆய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்போது அவர் ஐரோப்பாவில் வாழ்ந்துவந்தார். 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார்.