ஆணி பொறுக்கிய காந்தம்

பஸ் தொழிலுக்கு வழிகாட்டிய டி.வி.சுந்தரம் அய்யங்கார்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கப் போவார்கள். நாங்களும் அதற்குத்தான் போனோம். ஆனால் பாதி நாள் ஒரு மோட்டார் பட்டறையில் கழிந்தது.

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சி இருக்கிறது. ஊர் நெருங்கும்போதே வயல்களுக்கு அப்பால் பாறைக் குன்றுகள் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜா தேசிங்கு வாழ்ந்த இடம்.

குழந்தைகள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் டிரைவருக்கு எதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிரேக் சம்பந்தமான விளக்கு!

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கத்தான் செய்தது. ஆனாலும் விளக்கு அணையவில்லை. வண்டியில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், ஊர் ஓரத்தில் இருந்த ஒரு பட்டறையில் நிறுத்தினோம்.

வயரை அறுக்கலாமா?

பட்டறைக்கு வந்திருந்த ஒருவர் சுலபமான வழி சொன்னார். விளக்குக்குப் போகும் வயரை அறுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார். பல பேர் அப்படிச் செய்துவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறார்களாம்.

பட்டறைக்காரப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வேலையை எல்லாம் இப்போது பேரன் பார்க்கிறான். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்கிறார். வயரில் கை வைக்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

விளக்கு எதற்காக எரிகிறது என்பதைப் பேரன் விளக்கினான்.

இந்தக் காலத்துக் கார்களில் சக்கரத்துக்குப் பக்கத்தில் சென்சார் என்ற சிறு கருவி இருக்கிறது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அது காரில் உள்ள கம்ப்யூட்டருக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். திடீர் என்று பிரேக் போட்டால் சில சமயம் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டு போகும். அப்போது கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைக் கண நேரம் தளர்த்தும். உடனே மறுபடியும் பிடிக்கும். இதை ஒரு நொடியில் பல முறை செய்யும். இதற்கு ஏ.பி.எஸ். என்று பெயர்.

சென்சாரில் இருந்து தகவல் வராவிட்டால் மஞ்சள் விளக்கு எரியும். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் வழுக்காமல் காக்கும் வசதி இருக்காது. மழை பெய்த ரோட்டில் அது ஆபத்து.

சிவப்பு விளக்கு எரிந்தால் நிலைமை இன்னும் மோசம். கைப் பிரேக்கை முழுவதும் விடாமல் இருக்கலாம். அல்லது பிரேக் ஆயில் குறைந்து இருக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கவேண்டும். கைப் பிரேக்கை விட்ட பிறகும் சிவப்பு விளக்கு அணையாவிட்டால், மெக்கானிக்கை அங்கேயே வரவழைப்பதுதான் நல்லது.

கண்ணில் விழுந்த தூசி

பேரன் முதலில் சென்சாரைத் தொடவில்லை. பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். குழாய்களில் கசிவு உண்டா என்று தடவிப் பார்த்தான். பிரேக் கட்டைகள் எவ்வளவு தேய்ந்து இருக்கின்றன என்று கவனித்தான். எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகுதான் ஒரு சோதனைக் கருவியைக் காரில் இணைத்தான். முன்பக்கத்து இடது சக்கரத்தில் கோளாறு என்று அது காட்டியது.

அந்தச் சென்சாரைக் கழற்றினான். அதன் முனை முழுவதும் கருப்பாக இரும்புத்தூள் அப்பிக்கொண்டு இருந்தது. சென்சாருக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. பிரேக் தேயும்போது உதிர்கிற இரும்புத்தூளை அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். துணியால் துடைத்து, வயர் சேரும் இடத்தையும் சுத்தம் செய்து மாட்டினான். கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்துவிட்டது.

பிரேக்கில் கோளாறு இல்லை. பிரேக்கைக் காவல் காப்பவன் கண்ணில்தான் தூசி விழுந்திருந்தது.

துணியில் இருந்த இரும்புத்தூளைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார். மதுரைக் காந்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்டா என்று எங்களைக் கேட்டார். அவர் இளவயதில் மதுரையில் தொழில் கற்றவர். அந்தக் காந்தத்தின் கதை, ஒரு பெரிய மனிதரின் கதை. அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

வக்கீல் தொழிலில் இருந்து பஸ் தொழிலுக்கு

சுந்தரம் அய்யங்கார் 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி. மலை அடிவாரத்து ஊர்.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அதன்படி சுந்தரம் அய்யங்கார் முதலில் வக்கீல் தொழிலில் இறங்கினார். அதில் மனம் ஒட்டவில்லை. ரெயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ஒரு பாங்கியில் வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம். வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த வேலையையும் அவர் விட்டார்! 1911-ம் ஆண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. சம்பளத்தை விட்டுவிட்டுப் புதுத் தொழிலில் இறங்கும் வயது அல்ல அது.

அந்தக் காலத்தில் தென் ஜில்லாக்களில் மோட்டார் என்பதே அதிசயம். ரோட்டில் மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும்தான் போகும். ரெயில் போகாத ஊருக்கு நடந்து போகவேண்டும். அல்லது இரவு முழுவதும் மாட்டு வண்டியில் ஆடி அசைந்து போகவேண்டும். அப்படிப்பட்ட ஊர்களை இணைத்து அவர் பஸ் ஓட்டினார். மதுரையைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டார். டி.வி.எஸ். பஸ் என்றால் தெரியாதவர்கள் இல்லை என்ற நிலை வந்தது.

ரோட்டில் கிடந்த எதிரி

பஸ் ஓட்டுவதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. அந்தத் தொல்லை ரோட்டிலேயே கிடந்தது.

வண்டி இழுக்கும் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் லாடம் அடிப்பார்கள். லாடத்தைக் குளம்பில் பொருத்துவது சின்னச் சின்ன இரும்பு ஆணிகள். கல்லும் கப்பியுமான ரோட்டில் நடந்து நடந்து அந்த ஆணிகள் கழன்று விழும். பின்னால் வரும் பஸ்சின் டயரில் ஏறும். அதோடு பஸ் நின்றுவிடும்.

பஞ்சர் ஆனபின் ஒட்டுவது எல்லோரும் செய்கிற வேலை. சுந்தரம் அய்யங்கார் வேறு விதமாக யோசித்தார். டயரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. மாட்டுக்கு லாடம் அடிக்காதே என்று விவசாயியிடம் சொல்லவும் முடியாது. அப்படியானால், பஸ் வருவதற்கு முன்பே ஆணியை எடுத்துவிட்டால் என்ன?

காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓட விட்டார். கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் கிடந்த ஆணிகளைக் காந்தம் இழுத்துக்கொண்டது. பஸ்சுக்கு வழி சுத்தமாயிற்று.

ரோடு அவருக்குச் சொந்தம் அல்ல. மாடும் அவருடையது அல்ல. அவருடைய காந்தம் பொறுக்கிய ஆணியால், அந்த ரோட்டில் வந்த மற்ற வண்டிக்காரர்களும் தப்பினார்கள்.

பஸ்சைப் பார்த்துக் கடிகாரம்

ரெயிலுக்கு அட்டவணை உண்டு. பஸ்சுக்கு ஏது? ஆள் சேர்ந்தால் புறப்படும். சேராவிட்டால் நிற்கும். அந்தக் காலத்தில் பல இடங்களில் இதுதான் வழக்கம். ஊருக்கு அவசரமாகப் போகவேண்டியவன் பஸ்சுக்குள் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டு இருப்பான்.

ரெயில்வேயில் வேலை பார்த்த சுந்தரம் அய்யங்கார், பஸ்சுக்கும் அந்த ஒழுங்கைக் கொண்டு வந்தார். குறித்த நேரத்தில் பஸ் புறப்பட்டது. குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணியைச் சரி செய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வது உண்டு.

வழியில் நிற்கிற பஸ் எப்படி நேரத்துக்கு வரும்? புறப்படுவதற்கு முன்பே பஸ்சைச் சோதிக்கவேண்டும். தேய்ந்ததை மாற்றவேண்டும். தளர்ந்ததை முடுக்கவேண்டும். மணி தவறாமல் வந்த பஸ்சுக்குப் பின்னால் பட்டறையில் நடந்த வேலை இருந்தது.

கரியில் ஓடிய பஸ்

1939-ல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குப் பெரிய தட்டுப்பாடு ஏற்பட்டது. பஸ்கள் நிற்கும் நிலை வந்தது.

சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியைத் தயாரித்தார். உயரமான ஒரு கொப்பரையில் கரியைப் போட்டு, குறைந்த காற்றில் கனலவிடவேண்டும். அதில் இருந்து எரியும் வாயு வரும். அதை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்பினால் பஸ் ஓடும். பெட்ரோலில் ஓடுகிற வேகம் வராது. மேடு வந்தால் திணறும். ஆனாலும் ஓடியது! ஜனங்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

1942-ல் மலாயா ஜப்பானியர் கையில் சிக்கியது. அங்கிருந்து ரப்பர் வருவது நின்றுபோயிற்று. தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடியும் ஓட்டுவது அந்த நாளில் பெரிய உதவி. அதற்கும் அவர் தொழிற்சாலை வைத்தார்.

மகள் டாக்டர் ஆனார்

வீட்டிலும் அவருக்கு ஒரு சோதனை வந்தது. மகள் சவுந்தரம் மிகச் சிறு வயதில் கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் விதவை ஆன பெண்ணை மூலையில் உட்காரவைப்பார்கள். சுந்தரம் அய்யங்கார் குடும்பம் அப்படிச் செய்யவில்லை. மகளைப் படிக்க வைத்தது.

சவுந்தரம் டெல்லியில் படித்து டாக்டர் ஆனார். 1940-ல் காந்தியடிகளின் ஆசியுடன் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பல கிராமங்களுக்கு அங்கிருந்து வைத்தியமும் கல்வியும் போய்ச் சேர்ந்தன.

பிரேக் தயாரித்த பிள்ளைகள்

சுந்தரம் அய்யங்காரின் பிள்ளைகள் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோர் தொழிலை வளர்த்தார்கள். பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 78.

பிரேக் கதைக்கும் அவர் குடும்பத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1962-ல், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்ற இரண்டு கம்பெனிகள் தொடங்கின. இரண்டும் வண்டிகளுக்கு பிரேக் தயாரித்தன. காற்றின் அழுத்தத்தால் லாரியையும் பஸ்சையும் நிறுத்தும் பிரேக் சுந்தரம் கிளேட்டனில் தயாராயிற்று. உயர்ந்த தரத்துக்காக ஜப்பானில் வழங்கும் டெமிங் பரிசை, சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் பெற்றது.

மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் 1972-ல் அரசுடைமை ஆயின. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அந்த பஸ்கள் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. மணியின் பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.

கோட்டைக் காவலன்

பட்டறையில் இருந்து கோட்டைக்குப் போக மாலை ஆகிவிட்டது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்கு ஏற நேரம் இல்லை. கீழே கல்யாண மகாலின் அருகே நின்று அண்ணாந்து பார்த்தோம்.

அந்த உச்சியில் அந்த நாளில் காவலர்கள் நின்றிருப்பார்கள். தூரத்தில் புழுதி எழுந்தால் குரல் கொடுப்பார்கள். சில சமயம் எதிரியின் குதிரைப் படை வரும். சில சமயம் மேய்ச்சலில் இருந்து திரும்பும் மாட்டு மந்தையாகவும் இருக்கும். வீண் கூச்சல் போட்டான் என்பதற்காகக் காவலனின் வாயைக் கட்டிவிட்டால், படை வரும் அன்று யார் குரல் கொடுப்பார்கள்?

சென்சார் விளக்கும் அப்படித்தான். அது தவறாக எரியலாம். தவறுதான் என்று சோதித்துப் பார்த்த பிறகே சொல்லவேண்டும்.

புறப்படும்போது பெரியவர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் சில நொடிகள் எரிந்து அணையவேண்டும். எரியாமலே இருந்தால், விளக்கு கெட்டிருக்கலாம். அல்லது யாரோ வயரை அறுத்திருக்கலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டுமாம்.

இருட்டும் நேரத்தில் டிரைவர் சாவியைத் திருப்பினார். பின் சீட்டில் இருந்த குழந்தைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். விளக்கு அணைந்தது. வண்டி புறப்பட்டது.