சங்கிலி செய்த பெண்களும் மேரி மகார்த்தரும்

உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான சம்பளம் வேண்டுமென்ற கோரிக்கைக்குச் சங்க பலம் சேர்த்த முன்னோடிகளுள் ஒருவர், பிரித்தானியத் தொழிற்சங்கத் தலைவி மேரி மகார்த்தர். சட்டம் இயற்றப்படுவதற்கும் அதன் பயன் உழைப்பவரின் கைக்கு வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவரது வாழ்க்கை உணர்த்துகின்றது. ஆகவே அவரை நாம் இங்கு நினைவுகூர்கின்றோம்.

1880 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் துணி வியாபாரி ஒருவரின் மகளாகப் பிறந்த மேரி, தந்தையின் கடையில் கணக்கெழுதி வந்தார். 1901 இல் கடைச் சிப்பந்திகளின் சங்கக் கூட்டமொன்றைப் பற்றி எழுதச் சென்றவர், அச்சங்கத்திலேயே இணைந்துகொண்டார். 1903 இல் லண்டன் சென்று பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தின் செயலாளரானார். ஆண்களின் சங்கங்கள் பல பெண்களைச் சேர்க்க மறுத்துவந்த நிலையில், 1906 இல் பெண் தொழிலாளர் தேசிய சம்மேளனத்தை நிறுவினார்.

இங்கிலாந்தின் கிரேட்லி ஹீத் என்னும் ஊரில் பெண்கள் வீட்டுப் பின்புறத்துக் கொட்டில்களில் உலைமூட்டி இரும்புச் சங்கிலி செய்துவந்தனர். வாரத்தில் ஐம்பது மணித்தியாலங்களுக்கு மேல் சம்மட்டி அடித்தும் அவர்கள் பெற்றது ஐந்தாறு ஷில்லிங் மாத்திரமே. 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட சபை, 1910 இல் மணித்தியாலத்துக்கு இரண்டரைப் பென்ஸைக் குறைந்தபட்சக் கூலியாக நிர்ணயித்தது. பலருக்கு இது ஏறத்தாழ இரு மடங்காகும். முதலாளிமாரோ, எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள் பலரிடம், புதிய கூலியை ஆறு மாதங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒப்பம் பெற முற்பட்டனர். மேரியின் தலைமையில் எழுபது வயதைக் கடந்தவர்கள் உட்படப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாடெங்குமிருந்து நிதி குவிந்தது. இரண்டு மாதங்களில் முதலாளிமார் பணிந்தனர். எஞ்சிய பணத்தில் தொழிலாளர் மண்டபமொன்று எழுந்தது.

முதலாம் உலகப் போர்க்காலத்தில், ஆயுதத் தொழிற்சாலைகளில் ஆண்களின் வேலையைச் செய்த பெண்களுக்கு ஆண்களின் சம்பளமே வழங்கப்பட வேண்டுமென அவர் வாதாடினார். 1918 இல் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். 1921 ஜனவரி முதலாந் திகதி, நாற்பதாவது வயதில் புற்றுநோயால் மறைந்தார். பிரித்தானியாவில் சம சம்பளச் சட்டம் 1970 இலேயே நிறைவேறியது.

இலங்கையிலும் 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சம்பளச் சபைகளை ஏற்படுத்தியது. எனினும் தோட்டப் பெண்களின் நாட்சம்பளம் ஆண்களினதைவிடக் குறைவாகவே இருந்துவந்தது. 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே அது சமமாக்கப்பட்டது. அதன் பின்னரும் பல தோட்டங்களில் ஆண்கள் வேலை முடித்து வீடு திரும்பிய பின், பெண்கள் மாலை வரை கொழுந்து பறித்து நிறை காட்டியே அதே சம்பளத்தைப் பெறுகின்றனர். வீட்டிலிருந்தே துண்டுக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்காகக் கூலி பேசுவோர் பெரும்பாலும் எவருமிலர்.

சட்டம் வழங்கிய கூலியையும் சங்கமாகத் திரண்டே பெறவேண்டியிருந்தது என்பதே கிரேட்லி ஹீத் தரும் பாடம். மலையகத்திலாயினும் கிழக்கிலாயினும் எமது பெண்களுக்கு அதுவே வழியென நாம் கருதுகின்றோம். அவர்களை உறுப்பினராக மாத்திரமன்றித் தலைவர்களாகவும் ஏற்பது தொழிற்சங்கங்களின் கடமையாகும்.